கோடையில என்ன சாப்பிட்டோம்? – ஒரு கரிசல் காட்டு அடுப்படியின் கதை

சித்திரை பிறந்தா போதும், சென்னை, பெங்களூர்ல இருக்கிற சொந்தக்காரங்க எல்லாருக்கும் கம்பு ஞாபகம் வந்துரும். "அந்தக் காலத்துல வெயிலுக்கு என்னண்ணே சாப்பிட்டீங்க, அந்த மாதிரி நாங்களும் சாப்பிடலாம்னு பாக்குறோம்" என்பார்கள். போன்ல ரெண்டு வரியில பதில் சொல்லி முடியாது. அந்தச் சாப்பாடு எங்கிருந்து வந்தது, யார் செய்தது, எப்படி நின்னு போச்சு என்று சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுசாகும். அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

நான் சொல்லப் போறது கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் சுத்து வட்டாரத்துக் கரிசல் காடு. தஞ்சாவூர்க்காரர்களுக்கோ கொங்கு நாட்டுக்காரர்களுக்கோ இது வேற மாதிரி இருக்கும். எனக்கு நல்லா நினைவிருக்கிற கோடை 1983. அதுக்கு முந்தின ஐப்பசி, கார்த்திகையில மழை ஏமாத்திருச்சு. பழைய சமையலை முழுசாகப் பார்த்த கடைசிக் கோடையும் அதுதான், எங்க வீட்டுல ரேசன் அரிசி தினசரிச் சாப்பாடாக மாற ஆரம்பிச்ச முதல் கோடையும் அதுதான். அதனால அதையே நடுவுல வச்சுப் பேசுறேன்.

விளையாத காலத்துச் சாப்பாடு

'அந்தந்தப் பருவத்துல விளையறதைச் சாப்பிடணும்'னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. நல்ல பேச்சுதான். ஆனா மானாவாரிக் கரிசல்ல கோடையில என்ன விளையும்? ஒண்ணும் விளையாது. புரட்டாசி, ஐப்பசியில விதைப்போம். தையில கம்பு அறுப்பு, அதை ஒட்டிச் சோளம். மாசி, பங்குனியில மிளகாய்ப் பழம் எடுப்போம். பருத்தி சித்திரை வரைக்கும் இழுக்கும். அதுக்கப்புறம் நிலம் கையை விடுற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். கிணறு வச்சுத் தோட்டம் பாக்குறவங்க வீட்டுல மட்டும் நாலு கத்தரிச்செடியும் கீரையும் இருக்கும்.

ஆக, எங்க ஊர்க் கோடைச் சமையல் என்பது சேர்த்து வச்சதைச் சாப்பிடுற சமையல். தானியம் குலுக்கையில இருக்கும். மண்ணால உறை உறையாகச் செஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிப் பூசின உயரமான கலம்தான் குலுக்கை. மேல வாய் வழியாகக் கொட்டி, வேப்பிலை போட்டு மூடிப் பூசிருவாங்க. அடியில ஒரு சின்ன ஓட்டை, அதில துணி அடைச்சிருக்கும். தேவைக்கு அதைத் திறந்து எடுக்கணும். ஒரு வீட்டுக் குலுக்கையைத் தட்டிப் பாத்தாலே அந்த வீடு ஆடி வரைக்கும் தாங்குமா தாங்காதான்னு எங்க அப்பத்தா சொல்லிரும். மேல தட்டினா 'டொங்'னு சத்தம் வரும், எந்த இடத்துல சத்தம் அமுங்குதோ அதுவரைக்கும் தானியம் இருக்குதுன்னு அர்த்தம்.

1983 பங்குனியில எங்க குலுக்கை இடுப்புக்குக் கீழதான் அமுங்குச்சு.

கம்பு என்கிற வேலை

கம்மங்கூழ் குடிச்சவங்க நிறையப் பேர் இருப்பீங்க. கம்பு குத்துறதைப் பார்த்தவங்க கம்மி. அதனால அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்றேன்.

கம்பைப் புடைச்சுக் கல் மண் போக்கி, லேசாகத் தண்ணி தெளிச்சுப் பிசறி உரல்ல போடணும். ரெண்டு பொம்பளைங்க எதிரெதிரே நின்னு உலக்கையை மாத்தி மாத்திப் போடுவாங்க. கொஞ்ச நேரத்துல தவிடு கழண்டு வரும். சொளகுல போட்டுப் புடைச்சுத் தவிட்டை நீக்கணும், அது மாட்டுக்கு. திரும்பவும் உரல்ல போட்டு இடிக்கணும். இப்ப குருணையும் மாவுமாக வரும், ரெண்டையும் பிரிச்சு வைக்கணும். உலையில தண்ணி கொதிச்சதும் முதல்ல குருணை, அது வெந்ததும் மாவு. விடாமக் கிண்டணும், விட்டா கட்டி தட்டிரும். இறக்கி ஆறினதும் உருண்டை பிடிச்சுத் தண்ணிக்குள்ள போட்டு வச்சா, மறுநாள் காலையில லேசாகப் புளிச்சிருக்கும். அதை மோர் விட்டுக் கரைச்சா கம்மங்கஞ்சி. கும்பாவுல ஊத்தி, சின்ன வெங்காயம் ரெண்டைத் தட்டிப் போட்டுக்கிட்டா காட்டு வேலைக்குப் போற ஆளுக்கு மதியம் வரைக்கும் பசி தெரியாது. அந்த உருண்டை ஊறின தண்ணிதான் வெயில்ல தாகத்துக்கு.

எங்க வீட்டுல ஏழு பேர். ஒரு நாளைக்கு ரெண்டு படி கம்பு. அதைக் குத்திப் புடைச்சு முடிக்க ரெண்டு பேருக்கு ரெண்டு மணி நேரம். விடியக்காலம் நாலு மணிக்கு உலக்கைச் சத்தம் கேக்கும். தெருவுல ஒவ்வொரு வீடாகச் சத்தம் சேர்ந்துக்கும்.

'ஒரே நாள்ல ஒரு வாரத்துக்குக் குத்தி வச்சுக்கலாமே'ன்னு நீங்க கேப்பீங்க. அங்கதான் கம்போட குணம் இருக்கு. கம்புல எண்ணெய்ச் சத்து அதிகம். முழுத் தானியமாக இருக்கிற வரைக்கும் குலுக்கையில மாசக்கணக்காகக் கெடாது. இடிச்சு மாவாக்கிட்டா சில நாள்லயே காறல் வாடை வந்துரும், கசக்கும், கோடை வெக்கையில இன்னும் சீக்கிரம். கடையில வாங்குற கம்பு மாவு சில சமயம் கசக்குறதுக்கும் இதுதான் காரணம். அரிசி அப்படி இல்ல. நெல்லை ஒரு தடவை மில்லுல அரைச்சுட்டா அரிசி மாசக்கணக்கா மூட்டையில கிடக்கும், எடுத்து உலையில போடுறது மட்டும்தான் வேலை. சரித்திரம் எழுதுறவங்க விலை, விளைச்சல், ருசி, கவுரவம்னு பல காரணம் சொல்லுவாங்க. எல்லாம் உண்மைதான். ஆனா கம்பு தோத்ததுக்கும் அரிசி ஜெயிச்சதுக்கும் முதல் காரணம் அந்த விடியக்கால ரெண்டு மணி நேரம்தான்னு நான் நினைக்கிறேன்.

வெயிலைச் சேமிச்ச வெஞ்சனம்

கஞ்சிக்கு வெஞ்சனம் வேணுமே. காய்கறி இல்லாத காலத்துல வெஞ்சனத்தைச் செஞ்சு கொடுத்தது வெயில்தான். பங்குனி, சித்திரையில எங்க தெருவுல கால் வைக்க இடம் இருக்காது. ஓலைப்பாய், பழைய வேட்டி, சொளகு, கட்டில்னு எதைப் பாத்தாலும் ஏதாவது காஞ்சுக்கிட்டு இருக்கும்.

முதல்ல மிளகாய். எங்க பக்கம் வெறுமனே 'வத்தல்'னு சொன்னா அது மிளகாய் வத்தல்தான், மத்ததுக்கெல்லாம் பேரைச் சேர்த்துச் சொல்லணும். அவ்வளவு சொந்தமாகிப் போன இந்த மிளகாய் இந்த மண்ணுதே இல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் மூலமாக 16ஆம் நூற்றாண்டுல இந்தியாவுக்கு வந்தது. அதுக்கு முன்ன காரம்னா மிளகுதான். பேரிலேயே அந்த மிளகு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. மிளகு மாதிரி காரமான காய், மிளகாய். 'பாரம்பரியச் சமையல்'னு பேசும்போது இதையும் நினைவு வச்சுக்கணும். நம்ம முன்னோர் புதுசா வந்ததை வேண்டாம்னு தள்ளல, மண்ணுக்கு ஒத்து வந்தா எடுத்துக்கிட்டாங்க.

அடுத்தது மோர் மிளகாய். பச்சை மிளகாயைக் கீறி உப்புப் போட்ட மோர்ல ராத்திரி ஊற வச்சு, பகல்ல காய வச்சு, சாயங்காலம் மறுபடி அதே மோர்ல போட்டு, மோர் வத்துற வரைக்கும் இதையே நாலஞ்சு நாள் செய்யணும். சீனியவரைக்காயை உப்புத் தண்ணியில அரைவேக்காடா வேக வச்சுக் காய வைப்போம். சுண்டைக்காய் வத்தல், கத்தரி வத்தல், மாங்காயைக் கீறி உப்புப் போட்ட மாவத்தல் எல்லாம் உண்டு. காட்டுல தானாக் கொடி ஓடிக் காய்க்கிற மிதுக்கங்காய், சுக்காங்காயைப் பறிச்சு வத்தல் போடுவாங்க. மிதுக்கவத்தலை எண்ணெயில பொரிச்சா ஒரு சின்னக் கசப்போட கஞ்சிக்கு அப்படிச் சேரும். அதுக்கு யாரும் விதை போட்டதில்ல, தண்ணி பாய்ச்சினதில்ல.

புளி வேலையும் கோடையிலதான். மாசி, பங்குனியில புளி உலுக்கி, ஓடு உடைச்சு, கொட்டை எடுத்து, கல்லு உப்புப் போட்டு மண்பானையில அமுக்கி வைப்பாங்க. வருசம் பூரா அதுதான். காணத்தை வறுத்து, மிளகாயும் பூண்டும் புளியும் வச்சு அம்மியில அரைச்ச காணத் தொவையல் இருந்தா அன்னைக்கு விருந்து. காணம்னா மத்த ஊர்ல கொள்ளு.

இனிப்புக்குப் பனை இருந்துச்சு. வேம்பார், விளாத்திகுளம் பக்கம் மாசி தொடங்கி வைகாசி, ஆனி வரைக்கும் பதநீர் இறங்கும். பனை ஓலைப் பட்டையில ஊத்திக் குடிக்கணும். காய்ச்சினா கருப்பட்டி. நுங்கு சித்திரையில. பானகத்துக்கும் கருப்பட்டிதான், சீனி எங்க வீட்டுக்குள்ள விருந்தாளி வந்தாத்தான் வரும். சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல வெள்ளரிப் பிஞ்சு விப்பாங்க. வெளியூர்க்காரங்க ஆசையாக வாங்கிட்டுப் போவாங்க. எங்களுக்கும் டவுனுக்குப் போற அன்னைக்கு மட்டும் அது கிடைக்கும்.

இன்னைக்கு எல்லாரும் கோடைன்னாலே வடகம் என்கிறீர்களே, அதை எங்க பக்கம் கூழ் வத்தல்னு சொல்லுவோம். அது அரிசி மாவுல செய்றது. அரிசிச் சோறே தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான்னு இருந்த வீட்டுல அரிசியைக் கூழாக்கித் தெருவுல காயப் போட யாருக்கு மனசு வரும்? எங்க வீட்டுல கூழ் வத்தல் வந்தது ரேசன் அரிசி வந்த பிறகுதான். ஜவ்வரிசி வத்தலும் அப்படித்தான். ரெண்டாம் உலகப்போர் நேரத்துல மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்னு போக, 1943 வாக்குல சேலத்துல மரவள்ளிக்கிழங்கு மாவுல அதைச் செய்ய ஆரம்பிச்சாங்க. கிழங்கே தென்னமெரிக்காவுலருந்து வந்தது. பாட்டி காலத்துச் சாப்பாடுன்னு நாம நினைக்கிறதுல சிலதுக்குப் பாட்டியை விட வயசு கம்மி.

அரிசி வந்த வழி

அரிசி ஒரே நாள்ல எங்க ஊருக்கு வரல. 1942ல பர்மா ஜப்பான்காரங்க கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்னுச்சு. சென்னை மாகாணத்துல ரேசன் வந்துச்சு. 1952ல ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1965, 66ல நாடு பூரா மழை பொய்ச்சுப் பஞ்சம். அமெரிக்காவுலருந்து கப்பல்ல கோதுமையும் மைலோச் சோளமும் வந்துச்சு. அந்தச் சிவப்பு மைலோவைத் தின்ன கதையை எங்க அப்பா தலைமுறை முகஞ்சுளிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. 1967 தேர்தல்ல ரூபாய்க்கு மூணு படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற பேச்சு ஆட்சியையே மாத்துச்சு. அதே நேரத்துல ஐ.ஆர்.8 மாதிரி குட்டை ரக நெல் ஆத்துப் பாசன ஊர்கள்ல விளைச்சலைக் கூட்டுச்சு. அரிசி பெருகினதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினார். எனக்கு அதுக்குள்ள வயசு தாண்டிருச்சு, என் தங்கச்சி பள்ளிக்கூடத்துல சாப்பிட்டா. தினமும் மதியம் சோறும் சாம்பாரும். அடுத்த கோடை விடுமுறையில வீட்டுல இருந்தப்ப கம்மங்கஞ்சிக் கும்பாவைப் பாத்து "எனக்குச் சோறுதான் வேணும்"னு உக்காந்துட்டா. எங்க அம்மா அவளைத் திட்டல. குலுக்கையில கம்பும் குறைஞ்சிருந்துச்சு. அப்பா ரேசன் கடை மூட்டையை இறக்கினார். அந்த வைகாசியிலருந்து ராத்திரிக்குச் சோறுதான்னு ஆச்சு.

எங்க பக்கத்துக்குன்னே இன்னொரு காரணமும் இருந்துச்சு, தீப்பெட்டி. சிவகாசியிலருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்து ஆரம்பிச்சது. சாத்தூர், கோவில்பட்டி எல்லாம் பரவுச்சு. மழை கம்மி, வெயில் அதிகம், குச்சி காயுறதுக்கு அதைவிட என்ன வேணும்? விவசாயத்துக்கு எது சாபமோ அது தீப்பெட்டிக்கு வரம். என் சின்ன வயசுல விடியுறதுக்கு முன்னாடி கம்பெனி வண்டி வந்து ஊர் எல்லையில நிக்கும். பொம்பளைங்களும் வயசுப் பிள்ளைகளும் ஏறிப் போவாங்க. வீட்டுல இருக்கிறவங்க பெட்டி ஒட்டுவாங்க. எண்ணிக்கைக்குக் கூலி. உலக்கை பிடிச்ச அந்த ரெண்டு மணி நேரத்துக்கு இப்ப ஒரு விலை வந்துருச்சு. அதே நேரத்துல பெட்டி ஒட்டினா அரிசி வாங்கக் காசு. யாராக இருந்தாலும் எதைச் செய்வாங்க?

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். குலுக்கை எல்லா வீட்டுலயும் இருந்ததில்ல. நிலம் இல்லாத வீடுகள்ல அன்னன்னைக்கு வேலை, அன்னன்னைக்குக் கஞ்சி. கூலியில ஒரு பங்கைக் கஞ்சியாகவே ஊத்தின காலம் உண்டு. சம்சாரி வீட்டு வாசல்ல நின்னு வாங்கிக் குடிச்சாங்க. கோடையில காட்டு வேலை இல்லன்னா அதுவும் இல்ல. அந்த வீடுகளுக்கு ரேசன் அரிசி என்பது வெறும் சாப்பாடு கிடையாது, இன்னொருத்தர் வாசல்ல போய் நிக்க வேண்டாம் என்கிற விடுதலை. 2006ல கிலோ 2 ரூபாய், 2008ல 1 ரூபாய், 2011லருந்து இலவசம். 'ரேசன் அரிசியாலதான் சிறுதானியம் அழிஞ்சது'ன்னு சொல்றவங்க அந்த வாசலையும் கொஞ்சம் நினைச்சுப் பாக்கணும்.

இப்ப காட்டுல என்ன இருக்கு

2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டுன்னு ஐ.நா. அறிவிச்சுச்சு. எங்க காட்டைப் பாத்தா பெரும்பாலும் மக்காச்சோளம். கோழித் தீவனத்துக்கு நாமக்கல் பக்கம் போகுது. 2018ல படைப்புழு வந்து குருத்தைத் தின்னு நாசம் பண்ணுச்சு, அப்படியும் மறுவருசம் அதையேதான் போட்டோம். வாங்க ஆள் இருக்கே. கோழிக்கு விளைய வைக்கிறோம், ரேசன் கடையில வாங்கிச் சாப்பிடுறோம். இதுதான் இன்னைக்குக் கரிசல்.

'நீங்க கம்பு போடலாமே'ன்னு கேக்கிறது சுலபம். ஊர் பூரா கம்பு போட்ட காலத்துல குருவியும் கிளியும் எல்லார் காட்டுலயும் பங்கு போட்டுத் தின்னுச்சு, யாருக்கும் பெருசா வலிக்கல. இப்ப நான் ஒருத்தன் அரை ஏக்கர் போட்டா நாலு ஊர்ப் பறவையும் என் காட்டுக்குத்தான் வரும். காவலுக்கு ஆள் போட்டா கம்பு விலை பத்தாது. ஒரு பயிர்ங்கிறது ஒரு சம்சாரி போடுறது இல்ல, ஒரு ஊர் சேர்ந்து போடுறதுன்னு இதுலதான் புரியும்.

வெயிலும் பழைய மாதிரி சொன்ன பேச்சைக் கேக்கல. கோடை மழை அன்னைக்கும் உண்டு, ஒரு மழை ரெண்டு மழைன்னு வந்துட்டுப் போகும். இந்தச் சில வருசமா வத்தல் காயப் போட்ட நேரம் பாத்து நாள் கணக்கா மூடிக்கிட்டு நிக்குது. ரெண்டு நாள் ஈரம் பட்டா மோர் மிளகாய் பூத்துப் போகும், தூரத்தான் போடணும்.

எங்க அம்மாவுக்கு இப்ப எண்பதுக்கு மேல வயசு. டிவியில ஒரு அம்மா கம்பின் நன்மைகளை அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. அதைக் கேட்டுட்டு எங்க அம்மா சொன்னது: "கம்பு நல்லதுதான்டா. அது எனக்கும் தெரியும். ஆனா யாரு குத்துறதுன்னு அவ சொல்லவே இல்லையே?" அம்மாவுக்கு வலது தோள் தூக்க வராது, ரொம்ப வருசமா. ஆனா சித்திரையில மிதுக்கவத்தல் பொரிச்ச வாசம் வந்தா கஞ்சி கேக்கும். ரெண்டும் உண்மை. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைக்கக் கூடாது.

அதனால என்கிட்டக் கேக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். கம்பை மாவாக வாங்காதீங்க, முழுசாக வாங்குங்க. குத்துறதுக்கு உரல் வேண்டாம். தண்ணி தெளிச்சுப் பிசறி மிக்சியில ரெண்டு சுத்து விட்டுப் புடைச்சா தவிடு ஓரளவு போயிரும், மறுபடி சுத்தினா குருணை. மூணு நாளைக்கு மேல வச்சுக்காதீங்க, இருந்தா ஃபிரிட்ஜில வைங்க. உங்க மாடியில விழுற வெயிலும் நல்ல வெயில்தான், அரைக் கிலோ மோர் மிளகாயாவது போட்டுப் பாருங்க. முக்கியமானது, அந்த வேலையை வீட்டுல ஒருத்தர் தலையில மட்டும் கட்டாதீங்க. எங்க வீட்டுல இப்ப மிக்சி சுத்துறது நான், புடைக்கிறது என் வீட்டுக்காரி. எனக்குச் சொளகு பிடிக்க இன்னும் சரியா வரல.

வர்ற புரட்டாசிக்குப் பக்கத்துப் பிஞ்சைக்காரங்க மூணு பேர்கிட்டப் பேசியிருக்கேன். நாலு பேரும் ஆளுக்கு அரை ஏக்கர் அடுத்தடுத்து நாட்டுக் கம்பு போடுறதாகப் பேச்சு. பறவை தின்னது போக என்ன மிஞ்சுதுன்னு தையில எழுதுறேன்.